எலி சாம்பிள்ல சைட்டோகைன் பாக்கணும்: ரெடி கிட்டா, நாமளே கோட் பண்றதா, பீட்ஸா, வெளிய அனுப்புறதா?

செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், இந்தக் கேள்வி வந்துரும். "அக்கா, ராட்டுக்கு டிஎன்எஃப்-ஆல்ஃபா பாக்கணும், எந்த கிட் வாங்கலாம்?" டிஎன்எஃப்-ஆல்ஃபா ஒரு சைட்டோகைன், அதாவது வீக்கம், நோய் வரும்போது செல்லுங்க வெளிய விடுற செய்திப் புரோட்டீன். மலேசியாவுல, கெடா மாநிலத்துல பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் படிக்குற பிள்ளைங்கள்ல நிறையப் பேரு தோட்டத்துலேருந்து வந்தவங்க, அப்பா அம்மா பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் படிக்க வச்சவங்க. ஆராய்ச்சிக்குன்னு கையில இருக்குற காசு கொஞ்சந்தான், ஒரு கிட் தப்பா வாங்கிட்டா அடுத்த கிட்டுக்கு வழி கிடையாது, அதுக்குள்ள எலியும் போயிருச்சு, ரத்தமும் தீந்துருச்சுன்னா என்னா பண்றது? அதனால கேக்குறவங்க எல்லாருக்கும் ஒரே இடத்துல கொஞ்சம் விலாவாரியா எழுதி வைக்கிறேன்.

பொதுவா நாலு வழி இருக்கு. பிலேட்ல ஆன்டிபாடி ஏற்கனவே ஒட்டி வர்ற ரெடி எலைசா கிட் ஒண்ணு (எலைசாங்குறது ஆன்டிபாடியால ஒரு புரோட்டீனைப் பிடிச்சு, வர்ற கலரை வச்சு அளக்குற முறை). ஆன்டிபாடி மட்டும் பாட்டில்ல வாங்கி பிலேட்டை நாமளே கோட் பண்றது இன்னொண்ணு. ஒரே துளி சீரத்துல (ரத்தம் உறைஞ்சதும் பிரிஞ்சு நிக்குற தண்ணி) பத்துப் பதினஞ்சு சைட்டோகைன் பாக்குற பீட்ஸ், அதாவது நுண்ணிய மணி முறை மூணாவது. நாலாவது, சாம்பிளை ஐஸ்ல வச்சு பெரிய லேப்புக்கு அனுப்பிட்டு ரிசல்ட்டை மட்டும் வாங்குறது. எது சீப்புன்னு கேட்டுத்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க, நான் அந்தக் கேள்வியைக் கடைசியில வைக்கச் சொல்வேன். உங்க கையில என்னா சாம்பிள் இருக்கு, எவ்வளவு இருக்கு, அதுக்குள்ள அந்த சைட்டோகைன் எவ்வளவு இருக்க வாய்ப்பு இருக்கு, இந்த மூணும் தெரியாம கோட்டேஷன் கேக்குறதே வேஸ்ட்டு.

கிட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி சாம்பிளைப் பாருங்க

முதல்ல என்னா பிராணின்னு பாக்கணும். ராட் (பெரிய எலி) வேற, மௌஸ் (சுண்டெலி) வேற, மனுஷன் வேற. லேப்ல யாரோ விட்டுட்டுப் போன மனுஷ ஐஎல்-6 (இன்னொரு சைட்டோகைன்) கிட் மிச்சம் இருக்குன்னு எடுத்து ராட் சீரத்துல போட்டா ஒண்ணும் வராது, இல்லைன்னா நம்ப முடியாத எதோ ஒரு நம்பர் வரும், ரெண்டாவதுதான் ஆபத்து. இதுல இன்னொரு விஷயம், மனுஷனுக்கு இருக்குற ஐஎல்-8 ஜீன் ராட்டுக்கும் மௌஸுக்கும் கிடையவே கிடையாது, அந்த வேலையை மௌஸ்ல கேசி, ராட்ல சிங்க்-1 மாதிரி வேற கீமோகைன்கள் பாத்துக்குது. ஆனாலும் "ராட் ஐஎல்-8 கிட்"னு விக்கிறவங்க இருக்காங்க. அப்படி ஒரு கிட் லிஸ்ட்ல வந்தா, உள்ள இருக்குற ஆன்டிபாடி எந்த புரோட்டீனுக்கு எதிரா செஞ்சதுன்னு எழுத்துல கேளுங்க, நேரான பதில் வரலைன்னா அந்த கேட்டலாக்கையே மூடிடுங்க.

அடுத்தது என்னா சாம்பிள். இங்க நிறையப் பேரு பண்றது மூலிகைச் சாறு குடுத்து, கராஜீனன் ஊசி போட்டு ராட்டோட பாதம் வீங்குறதைப் பாக்குற மாடல். வீக்கம் பாதத்துல, ஆனா சைட்டோகைன் தேடுறது இதயத்துலேருந்து எடுத்த ரத்தத்துல! சில நேரம் சீரத்துல வித்தியாசம் தெரியும், பல நேரம் தெரியாது, பாதத்துத் திசுவை எடுத்து அரைச்சுப் பாத்தா நல்லாவே தெரியும். திசுன்னா வேலை கூடும், ஐஸ்ல வச்சு, புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் போட்ட பஃபர்ல அரைச்சு, ஸ்பின் பண்ணி, மேல இருக்குற தண்ணியை எடுத்து, மொத்த புரோட்டீன் தனியா அளந்து, ஒரு மில்லிகிராம் புரோட்டீனுக்கு இத்தனை பிகோகிராம்னு சொல்லணும். எஸ்டிஎஸ் அதிகமா இருக்குற பஃபர்ல அரைச்சா எலைசா ஆன்டிபாடிக்கு ஆகாது, கிட் மேனுவல்ல எந்த பஃபர் ஒத்துக்கும்னு பாத்துட்டு அரைங்க, அரைச்சதுக்கப்புறம் பாத்தா பிரயோஜனம் இல்ல.

நேரமும் முக்கியம். எல்பிஎஸ் (பாக்டீரியாவோட சுவர்ப் பொருள்) ஊசி போட்ட மௌஸ்ல டிஎன்எஃப்-ஆல்ஃபா ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துல உச்சத்துக்குப் போயிட்டு சட்டுன்னு இறங்கிரும், ஐஎல்-6 அதுக்கு அப்புறந்தான் ஏறும். 24 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துட்டு டிஎன்எஃப் காணோம்னா அது கிட்டோட குத்தம் இல்ல. அதே மாதிரி ஒரு நோயும் இல்லாத கன்ட்ரோல் ராட்ல பல சைட்டோகைன் ஸ்டாண்டர்ட் கர்வோட (தெரிஞ்ச அளவுகளைப் போட்டு வரையுற கோடு) கடைசிப் புள்ளிக்குக் கீழதான் இருக்கும். அந்த குரூப் முழுசும் "அளவுக்குக் கீழ"ன்னு வந்தா பதறாதீங்க, ஆனா அதை தீசிஸ்ல எப்படிக் காட்டுறது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எப்படிப் பண்றதுன்னு இப்பவே சூப்பர்வைசர்கிட்ட பேசி வச்சுக்குங்க.

சீரமா பிளாஸ்மாவான்னு (ரத்தத்தை உறைய விடாம பிரிச்சது) கேட்டா, டிஎன்எஃப், ஐஎல்-6-க்கு ரெண்டும் ஓடும், ஒண்ணை எடுத்தா கடைசி வரைக்கும் அதையே எடுங்க. டிஜிஎஃப்-பீட்டா பாக்குறவங்களுக்கு மட்டும் கதை வேற. ரத்தம் உறையும்போது பிளேட்லெட் அதைக் கொட்டிரும், அதனால சீரத்துல வர்ற நம்பர் எலியோட உடம்புல ஓடுன நம்பர் இல்ல, பிளேட்லெட் குறைஞ்ச பிளாஸ்மாதான் வேணும். அது போக அது மூடுன நிலையில இருக்குற புரோட்டீன், ஆசிட் போட்டுத் திறந்து, மறுபடி நியூட்ரல் பண்ணி அப்புறந்தான் பிலேட்ல போடணும், அந்த ஆசிட் செட் சில கிட்ல தனியா வாங்க வேண்டியிருக்கும்.

ரத்தம் எடுக்குற கை எப்படின்னும் பாருங்க. ஊசியை வேகமா இழுத்து, சின்ன நீடில் வழியா டியூப்ல பீச்சி அடிச்சா செல் உடையும், ஸ்பின் பண்ணி எடுத்துப் பாத்தா சீரம் வெளிர் மஞ்சளா இருக்குறதுக்குப் பதிலா ஆயேர் சிரப் மாதிரி சிவப்பா நிக்கும். அந்த டியூபை மத்ததோட கலந்து வைக்காதீங்க, மூடியில குறி போட்டு தனியா வைங்க. ஹீமோகுளோபினுக்கே பெராக்சிடேஸ் மாதிரி வேலை செய்ற குணம் இருக்கு, நாம கலர் வர வைக்கிறதும் எச்ஆர்பிங்குற பெராக்சிடேஸ் என்சைம் வச்சுத்தான், கழுவுறது சரியில்லைன்னா கலர் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாது. இதை எந்த விலையுயர்ந்த கிட்டும் சரி பண்ணாது.

அளவும் பிலேட் கணக்கும்

250 கிராம் ராட்லேருந்து கடைசி ரத்தம் எடுத்தா சீரம் ரெண்டு மூணு மில்லி தாராளமா வரும், அஞ்சாறு தனித்தனி எலைசா பண்ணலாம். 25 கிராம் மௌஸ்னா உடம்புலயே மொத்தம் ரெண்டு மில்லிக்குள்ளதான் ரத்தம், இதயத்துலேருந்து எடுத்தா அரை மில்லி, ரொம்ப நல்லா வந்தா ஒரு மில்லி, சீரம்னு பாத்தா 0.3, 0.4 மில்லி. எலைசாவுக்கு ஒரு வெல்லுக்கு (பிலேட்ல இருக்குற குழி) 50 இல்ல 100 மைக்ரோலிட்டர், ஒரே சாம்பிளை ரெண்டு வெல்லுல, அதாவது டியூப்ளிகேட் போட்டா அது ரெண்டு மடங்கு. மௌஸ் வச்சுக்கிட்டு நாலு சைட்டோகைன் தனித்தனி கிட்ல பாக்கப் போறேன்னு புரோப்போசல் எழுதுறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.

பிலேட்ல 96 வெல். ஸ்டாண்டர்ட் ஏழு புள்ளி, சைட்டோகைன் இல்லாத பிளாங்க் ஒண்ணு, டியூப்ளிகேட்ல 16 வெல் போச்சு. மிச்சம் 80, அதாவது 40 சாம்பிள். இங்க வழக்கமா போடுற டிசைன் ஆறு குரூப், குரூப்புக்கு ஆறு ராட், மொத்தம் 36. அழகா ஒரே பிலேட்ல உக்காந்து நாலு சாம்பிளுக்கு இடமும் மிச்சம் இருக்கும், அந்த நாலு இடம் ரொம்ப விலை உயர்ந்தது, எதுக்குன்னு பின்னாடி சொல்றேன். குரூப்புக்கு எட்டு ராட்னா 48, ரெண்டு பிலேட் வேணும், அதாவது ரெண்டு கிட், ரெண்டாவது பிலேட்ல மூணுல ரெண்டு பங்கு காலி. ஸ்ட்ரிப்பா கழட்டி இன்னிக்கு பாதி, அடுத்த மாசம் பாதின்னு போட்டா ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டர்டுக்கு 16 வெல் போகும், ரெண்டு பாதியும் சேத்து 32 சாம்பிள்தான். பிலேட்டுக்காக எலி எண்ணிக்கையைக் குறைங்கன்னு சொல்லல, எண்ணிக்கை எதிக்ஸ் கமிட்டிக்கிட்ட கணக்குக் காட்டி முடிவாகுற விஷயம், ஆனா பட்ஜெட் போடும்போது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

லேப்ல என்னா இருக்குன்னும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. 450 நானோமீட்டர் படிக்குற பிலேட் ரீடர் வேணும், கூடவே 540 இல்ல 570-ல கரெக்ஷன் எடுக்க முடிஞ்சா நல்லது. ரீடர் ரிப்பேரா இருக்கு, இங்க பண்ணிட்டு பினாங்கு கொண்டு போய்ப் படிச்சுக்கலாம்னு யோசிக்காதீங்க, ஸ்டாப் சொல்யூஷன் போட்டதும் பெரும்பாலான கிட்ல அரை மணி நேரத்துக்குள்ள, சிலதுல அதுக்கும் முன்னாடியே படிச்சாகணும், நம்ம ஊர்லேருந்து பாலம் தாண்டறதுக்குள்ள அது முடிஞ்சிரும். ரீடர் எங்க இருக்கோ அங்கேயே முழு வேலையும் பண்ணணும்.

வழி 1: ரெடி எலைசா கிட்

குவாண்டிகைன், லெஜெண்ட் மேக்ஸ் மாதிரி கிட் எல்லாம் இந்த வகை. பெட்டியைத் திறந்தா கோட் பண்ண பிலேட், ஸ்டாண்டர்ட், டிடெக்ஷன் ஆன்டிபாடி, டிஎம்பி (கலர் வர வைக்குற கரைசல்), ஸ்டாப் சொல்யூஷன், வாஷ் பஃபர் வரைக்கும் இருக்கும். காலையில ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள நம்பர் கையில. எலைசா இதுக்கு முன்னாடி பண்ணாத ஆளுக்கு, ஒரே ஒரு சைட்டோகைன், ஒரே ஒரு பிலேட்டுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் சொல்வேன்.

காசு எப்படிப் போகுதுன்னு ஒரு கணக்குக்குப் பாப்போம். கிட் 3,000 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சிக்குங்க, 40 சாம்பிள் போட்டா சாம்பிளுக்கு 75 வெள்ளி. வெறும் 12 சாம்பிள்தான் இருக்குன்னா சாம்பிளுக்கு 250 வெள்ளி. அதனால பிலேட் நிறையுற வரைக்கும் சாம்பிளை மைனஸ் 80-ல சின்னச் சின்ன டியூபா பிரிச்சு வச்சு ஒரே நாள்ல போடுறதுதான் லாபம், ஒரு டியூபை ஒரே தடவைதான் உருக்கணும்.

மறைஞ்சிருக்குற செலவு இந்த வகையில கம்மி, ஆனா இருக்கு. முதல்ல காத்திருக்குற நேரம். ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா பக்கம் இருக்குற ஏஜெண்டுகிட்ட ஸ்டாக் இருக்காது, வெளிநாட்டுலேருந்து வரணும், மாசக் கணக்குல ஆகலாம். தீபாவளி, சீனப் பெருநாள், ஹரிராயா பக்கத்துல ஆர்டர் மாட்டிக்கிட்டா இன்னும் இழுக்கும். வந்த கிட்டோட எக்ஸ்பைரி என்னான்னு ஆர்டருக்கு முன்னாடியே கேளுங்க, உங்க எலி ட்ரீட்மெண்ட் முடியுறதுக்குள்ள கிட் காலாவதியாகிடக் கூடாது.

ரெண்டாவது, இதே ரெடி வகையில விலை பாதி, அதுக்கும் கீழன்னு கிடைக்குற கிட். பர்சேசிங்ல மூணு கோட்டேஷன் கேப்பாங்க, கம்மி விலைதான் ஜெயிக்கும். விலை கம்மியா இருக்குறதுனாலயே மோசம்னு நான் சொல்லல, நல்லா ஓடுற கம்மி விலை கிட்டும் இருக்கு. ஆனா ஆதாரம் கேக்கணும். ராட் சீரத்துல தெரிஞ்ச அளவு சைட்டோகைனைச் சேத்து (ஸ்பைக் பண்ணி) எவ்வளவு திரும்பக் கிடைச்சுது, டைல்யூட் பண்ணா நம்பர் நேரா இறங்குதா, அதே பிராணியோட வேற எந்த சைட்டோகைனையெல்லாம் பிடிக்காதுன்னு பாத்தாங்க, இது மூணும் மேனுவல்ல நம்பரோட இருக்கணும். நூறு சைட்டோகைனுக்கும் ஒரே மேனுவல், பேரை மட்டும் மாத்தி ஒட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா விலகிடுங்க. டெண்டர் ஸ்பெக்ல இதை எழுத்துல போட்டுட்டா பர்சேசிங்காரங்களும் கம்மி விலையைத் தலையில கட்ட மாட்டாங்க, "ராட் சீரத்தில் சோதிக்கப்பட்ட மீட்பு விவரம் தேவை"ன்னு ஒரு வரி போதும்.

வழி 2: நாமளே கோட் பண்ற செட்

டியோசெட், ஆப்டிஇஐஏ, எலைசா மேக்ஸ் இதெல்லாம். கேப்சர் ஆன்டிபாடி, டிடெக்ஷன் ஆன்டிபாடி, ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி வரும், ஒரே செட்ல அஞ்சு பிலேட், பதினஞ்சு பிலேட்டுக்கு ஆகும். பிலேட்டுக்கு ஆகுற விலையைப் பாத்ததும் எல்லாரும் இதுல விழுந்துர்றாங்க.

மறைஞ்சிருக்குற செலவு முழுசும் இங்கதான் குடியிருக்கு. பிலேட் தனியா வாங்கணும், அதுவும் எலைசாவுக்குன்னு செஞ்ச, புரோட்டீன் நல்லா ஒட்டுற பிலேட், செல் கல்ச்சர் அறையில இருக்குற பிலேட்டை எடுத்துப் போட்டா ஆன்டிபாடி ஒழுங்கா ஒட்டாது. பிஎஸ்ஏ, ட்வீன்-20, டிஎம்பி, ஸ்டாப்புக்கு சல்ஃப்யூரிக் ஆசிட், பிலேட் மூடுற ஸ்டிக்கர், டிப் டப்பா டப்பாவா. செட் 4,000 வெள்ளி, மத்த சாமான் 1,500-ன்னு வச்சிக்கிட்டா மொத்தம் 5,500. அஞ்சு பிலேட்டும் போட்டா பிலேட் 1,100 வெள்ளி, ரெடி கிட்டை விட எவ்வளவோ தேவலாம். ஒரே பிலேட் போட்டுட்டு மிச்சத்தை ஃப்ரீசர்ல மறந்துட்டா அந்த ஒரு பிலேட்டோட விலை 5,500. என் அனுபவத்துல மூணு பிலேட்டுக்குக் குறைஞ்சா இந்தப் பக்கம் வரவே வேணாம், ஏன்னா முதல் பிலேட் எப்படியும் பழகுறதுக்கும் டைல்யூஷன் கண்டுபிடிக்குறதுக்கும் போயிரும்.

வேலையும் கூட. முதல் நாள் சாயங்காலம் கோட் பண்ணி ராத்திரி முழுக்க வைக்கணும், மறுநாள் பிளாக் (ஆன்டிபாடி ஒட்டாத இடத்தை பிஎஸ்ஏவால மூடுறது), சாம்பிள், டிடெக்ஷன், ஸ்ட்ரெப்டாவிடின், கடைசியா டிஎம்பி. டிஎம்பிக்கு முன்னாடி அஞ்சு தடவை கழுவுறது வரும், ஒவ்வொரு தடவையும் மூணு ரவுண்டு. வாஷர் மிஷின் இல்லைன்னா மல்டிசேனல்ல 96 வெல்லையும் நிரப்பி, பிலேட்டைக் கவுத்து சிங்க்ல வீசி, டிஷ்யூ அடுக்குல டொக் டொக்குன்னு தட்டி, மறுபடி நிரப்பி, இதுல ஒரு வரிசை சரியா காலியாகலைன்னா கடைசியில டிஎம்பி போட்டதும் அந்த வரிசை மட்டும் மத்ததை முந்திக்கிட்டு நீலமா ஏறும், அப்பதான் தெரியும், அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. டியூப்ளிகேட் ரெண்டும் ரொம்ப விலகி நிக்குதுன்னா முக்கால்வாசி நேரம் காரணம் கழுவுனது.

நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சினை இருக்கு. மேனுவல்ல "ரூம் டெம்பரேச்சர்"னு போட்டிருக்குறது 20-லேருந்து 25 டிகிரி. இங்க சாயங்காலம் ஏர்கோன் நிறுத்திட்டா ராத்திரி லேப் 28, 30-ல நிக்கும், ஓரத்து வெல் எல்லாம் வத்தும், ஓரம் ஒரு மாதிரி நடு ஒரு மாதிரி வரும். ராத்திரி கோட்டிங்கை நல்லா ஒட்டி மூடி 4 டிகிரி ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதை கம்பெனி ஒத்துக்குதான்னு பாருங்க, சில செட்ல அதுவேதான் முறை, ஒத்துக்கிட்டா அப்படியே கடைசி வரைக்கும் ஒரே மாதிரி பண்ணுங்க. பகல்லயும் பிலேட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க. லேப்ல யாரோ கலக்கி வச்ச பிபிஎஸ் பாட்டில்ல சோடியம் அசைட் போட்டிருக்கான்னு கேட்டுட்டு எடுங்க, அசைட் எச்ஆர்பியைச் செயலிழக்க வச்சிரும், கலரே வராம முழு பிலேட்டும் வெள்ளையா இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் இந்த வழியை நான் மதிக்கிறேன். ஒரே சைட்டோகைனை ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து பாக்கப் போற குரூப், ஒரு சூப்பர்வைசருக்குக் கீழ நாலு பிள்ளைங்க எல்லாரும் டிஎன்எஃப் பாக்குறாங்கன்னா, சேந்து ஒரு பெரிய செட் வாங்கி ஒரே ஆள்கிட்ட கத்துக்கிட்டா இதை விட நல்ல வழி கிடையாது. கையும் திருந்தும், எதுக்கு எந்த ஸ்டெப்னு வைவாவுல கேட்டா தடுமாறாம சொல்லவும் வரும்.

வழி 3: பீட்ஸ்

ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒரு கலர் பீட், எல்லாத்தையும் ஒரே வெல்லுல கலந்து மிஷின் பிரிச்சுப் படிக்கும். லூமினெக்ஸ் மிஷின்ல ஓடுற மில்லிபிளெக்ஸ், பயோ-பிளெக்ஸ் ஒரு பக்கம். அந்த மிஷின் இல்ல, ஆனா ஃப்ளோ சைட்டோமீட்டர் இருக்குன்னா லெஜெண்ட்பிளெக்ஸ், சிபிஏ மாதிரி இருக்கு. சாம்பிள் 25, 50 மைக்ரோலிட்டர் போதும், மௌஸ் வச்சிருக்குறவங்களுக்கு இது பெரிய வரம். உயிரோட வச்சுக்கிட்டே வாரா வாரம் வால்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் எடுக்குற ஸ்டடின்னா வேற வழியே இல்லைன்னு சொல்லலாம், நேரத்துக்கு ஒரு குரூப்னு தனித்தனியா மௌஸ் கொல்ல வேண்டிய தேவையும் குறையும்.

கிட் விலை எலைசாவை விட நல்லாவே கூட, ஆனா சைட்டோகைனால வகுத்துப் பாத்தா கம்மியாயிரும், அஞ்சாறுக்கு மேல உண்மையிலேயே தேவைன்னா. "தேவைன்னா"ங்குறதை அழுத்திச் சொல்றேன், பத்து வருதுன்னு பத்தையும் அளந்துட்டு எதுல பி-வேல்யூ கிடைச்சுதோ அதை மட்டும் எழுதுறது சரியில்ல, பத்து பாத்தா பத்துக்கும் சேத்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல திருத்தம் போடணும்.

எல்லா சைட்டோகைனுக்கும் ஒரே டைல்யூஷன்ங்குறது இதோட பலவீனம், ஒண்ணு கர்வுக்கு மேல போகும்போது இன்னொண்ணு கீழ கிடக்கும். சீரத்துல கொழுப்போ ஃபைப்ரின் துணுக்கோ இருந்தா மிஷின் அடைக்கும், போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்பின் பண்ணியே ஆகணும். அப்புறம் பீட்ஸ்ல வர்ற நம்பரும் எலைசாவுல வர்ற நம்பரும் ஒண்ணா இருக்காது, ஏறுறது இறங்குறது ஒத்துப் போகலாம், பிகோகிராம் ஒத்துப் போகாது. பாதி எலியை எலைசாலயும் பாதியை பீட்ஸ்லயும் பாத்துட்டு ஒரே கிராஃப்ல போடக் கூடாது.

வழி 4: வெளிய அனுப்புறது

கே.எல்., பினாங்கு பக்கம் பெரிய லேப்ல சர்வீஸா பண்ணித் தருவாங்க. மிஷின் இல்லாத நம்ம மாதிரி இடத்துல இருந்துக்கிட்டு பீட்ஸ் வேணும்னா இதுதான் வழி. தீசிஸ் டெட்லைன் நெருங்கிருச்சு, கை இன்னும் பழகலைன்னாலும் இது பரவாயில்ல.

ஆனா சாம்பிள் போற பாதையை நீங்கதான் காவல் காக்கணும். கெடாவுல வெள்ளி சனி லீவு, கே.எல்., பினாங்குல சனி ஞாயிறு லீவு, ரெண்டு பக்கமும் ஆள் இருக்குற நாள் திங்கள்லேருந்து வியாழன் வரைக்குந்தான். புதன்கிழமை மத்தியானம் கூரியர்ல குடுத்தா ஒரு நாள் தாமதமானாலே வெள்ளிக்கிழமை ஆயிரும், இன்னும் ஒரு நாள் போச்சுன்னா ட்ரை ஐஸ் கரைஞ்சு சீரம் உருகி எங்கேயோ ஒரு டிப்போவுல கிடக்கும். திங்கள் காலையில அனுப்புங்க, அந்த வாரம் எந்த மாநிலத்துலயும் பொது விடுமுறை இல்லைன்னு பாத்துக்குங்க, ட்ரை ஐஸ் எடுத்துக்குற கூரியரான்னு முன்னாடியே கேளுங்க. மொத்தத்தையும் அனுப்பாதீங்க, ஒவ்வொரு சாம்பிள்லயும் ஒரு பாதி உங்க மைனஸ் 80-லயே இருக்கட்டும், அந்த ஃப்ரீசரும் ஜெனரேட்டர் பிளக்ல மாட்டியிருக்கான்னு பாருங்க, இங்க இடி மழைக்கு கரண்ட் ட்ரிப் ஆகுறது உங்களுக்குத் தெரியாததா.

ரிசல்ட் வரும்போது எக்ஸெல்ல ஒரு பத்தி நம்பர் மட்டும் வந்தா வாங்கிக்காதீங்க. ஸ்டாண்டர்ட் கர்வ், ஒவ்வொரு வெல்லோட ரீடிங், டியூப்ளிகேட்டோட சிவி (ரெண்டு ரீடிங்கும் எவ்வளவு விலகுதுங்குற சதவீதம்), கிட் லாட் நம்பர் எல்லாம் தர்றதா பேசிட்டு வேலையைக் குடுங்க. வைவாவுல உக்காரப் போறது நீங்க, அந்த லேப்காரங்க இல்ல.

இதோட சேத்து ஒரு வார்த்தை, க்யூபிசிஆர் பண்ணிடலாமேன்னும் சிலர் கேக்குறாங்க. அது சொல்றது எம்ஆர்என்ஏ எவ்வளவு எழுதப்பட்டதுன்னு, எவ்வளவு புரோட்டீன் வெளிய வந்துச்சுன்னு இல்ல. திசுவுல கூட வச்சுக்கிட்டா பலம், எலைசாவுக்குப் பதிலா வச்சா கேள்வி வரும்.

பக்கத்துல வச்சுப் பாத்தா

| | ரெடி கிட் | கோட் பண்ற செட் | பீட்ஸ் | வெளிய அனுப்புறது |
|---|---|---|---|---|
| ஒரு சைட்டோகைனுக்கு சாம்பிள், டியூப்ளிகேட்ல | 100–200 மைக்ரோலிட்டர் | பெரும்பாலும் 200 மைக்ரோலிட்டர் | 50–100-ல எல்லாமே | அவங்க முறையைப் பொறுத்தது |
| நேரம் | ஒரு பகல் | ஒரு ராத்திரியும் ஒரு பகலும் | ஒரு பகல், சிலது ராத்திரியும் | வாரக் கணக்கு |
| கைப் பழக்கம் | கொஞ்சம் போதும் | நிறைய வேணும் | மிஷின் தெரிஞ்ச ஆள் வேணும் | ரத்தம் எடுக்குற கை மட்டும் |
| மறைஞ்ச செலவு | காத்திருப்பு, நிறையாத பிலேட் | பிலேட், டிஎம்பி, பிஎஸ்ஏ, பழகுற பிலேட் | மிஷின் கட்டணம், தேவையில்லாத சைட்டோகைன் | ட்ரை ஐஸ், கூரியர், விவரம் இல்லாத ரிசல்ட் |
| எப்ப இது ஜெயிக்கும் | ஒண்ணு ரெண்டு சைட்டோகைன், 40 சாம்பிள்குள்ள | ஒரே சைட்டோகைன், நிறைய பிலேட் | மௌஸ், சீரம் கம்மி, அஞ்சாறு சைட்டோகைன் | மிஷின் இல்ல, நேரம் இல்ல |

கராஜீனன் மாடல், 36 ராட், டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் ஐஎல்-6-ம் மட்டும் வேணும், இதுதான் எங்கிட்ட வர்றதுல பாதிக் கேள்வி. ரெண்டு ரெடி கிட் வாங்குங்க, ராட்டுக்குன்னு ஆதாரம் காட்டுற கம்பெனியா பாத்து. மூணாவதா ஐஎல்-1பீட்டா ஆசை வந்தா, அந்தக் காசை அப்படியே வச்சிருந்து முதல் ரெண்டுல எதாச்சும் மறுபடி போட வேண்டி வந்தா அதுக்கு வைங்க. ரெண்டு சைட்டோகைன் நம்பகமா இருக்குறது, அஞ்சு சைட்டோகைன் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குறதை விட எவ்வளவோ மேல், எக்ஸாமினரும் அதைத்தான் மதிப்பாரு.

மௌஸ், நாலுக்கு மேல சைட்டோகைன்னா யோசிக்காம பீட்ஸ், மிஷின் இல்லைன்னா வெளிய. திசு ஹோமோஜனேட்னா எந்த வழியா இருந்தாலும் அந்த கிட் திசுவுக்கு சோதிச்சதான்னு கேளுங்க, பல கிட் சீரம், பிளாஸ்மா, செல் கல்ச்சர் தண்ணி வரைக்கும்தான் கேரண்டி தரும்.

அந்த நாலு இடம்

36 ராட் போக மிச்சம் இருக்குற நாலு சாம்பிள் இடத்தை எக்ஸ்ட்ரா எலியால நிரப்பாதீங்க. வீக்கம் உள்ள குரூப்லேருந்து மூணு நாலு ராட்டோட சீரத்துல கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒண்ணா கலந்து, அப்படியே ஒண்ணு, ரெண்டு மடங்கு டைல்யூட் பண்ணி ஒண்ணு, நாலு மடங்கு ஒண்ணு போடுங்க. நாலாவது இடத்துல அதே கலவையில தெரிஞ்ச அளவு ஸ்டாண்டர்டைச் சேத்துப் போடுங்க. டைல்யூஷனைப் பெருக்கிப் பாத்தா மூணும் கிட்டத்தட்ட ஒரே நம்பருக்கு வரணும், சேத்த ஸ்டாண்டர்டுல 80-லேருந்து 120 சதவீதத்துக்குள்ள திரும்பக் கிடைக்கணும். டைல்யூட் பண்ணாததுல நம்பர் கம்மியாவும், பெருக்கிப் பாத்தா டைல்யூட் பண்ணதுல கூடவும் வந்துச்சுன்னா சீரத்துல இருக்குற எதோ ஒண்ணு தடுக்குதுன்னு அர்த்தம், அந்த நிலைமையில டைல்யூட் பண்ணாம எடுத்த 36 நம்பரையும் நம்ப முடியாது.

காசு இருக்குறவங்க, இல்ல ரெண்டு பிலேட் வாங்குறவங்க, இந்த சோதனையை முதல்ல ரெண்டு ஸ்ட்ரிப் ஸ்டாண்டர்டும் ஒரு ஸ்ட்ரிப் கலவையுமா தனியா பண்ணிட்டு அப்புறம் உண்மையான சாம்பிளைத் தொடுங்க. ஒவ்வொரு எலியும் ஒரு உயிர், அதுங்கிட்டேருந்து எடுத்த சீரம் மறுபடி கிடைக்காது, மூணு ஸ்ட்ரிப் போனா போகட்டும்.

பிலேட்ல குரூப்பை வரிசையா அடுக்காதீங்க, கன்ட்ரோல் முழுசும் ஓரத்து வரிசையில, ட்ரீட்மெண்ட் முழுசும் நடுவுலன்னு போட்டா ஓரத்து வெல்லோட வித்தியாசம் மருந்தோட வித்தியாசம் மாதிரி தெரியும். கலந்து போட்டு, எது எங்கன்னு நோட்ல எழுதி வைங்க. கர்வ் நேர்கோடு போட்டுப் படிக்காதீங்க, நாலு பாராமீட்டர் கர்வ் போடுங்க, ரீடரோட சாஃப்ட்வேர்லயே இருக்கும்.

ஆர்டர் போடும்போது ரெண்டு பிலேட்டும் ஒரே லாட் நம்பர்ல வேணும்னு பர்சேஸ் ஆர்டர்ல எழுதச் சொல்லுங்க. வந்த அன்னிக்கே பெட்டியைத் திறந்து ஐஸ் பேக் சில்லுன்னு இருக்கான்னு பாத்து, தேதி போட்டு, சொன்ன இடத்துல வைங்க, செக்யூரிட்டி கார்ட் ரூம்ல ராத்திரி தங்க விட்டுறாதீங்க. ஸ்டாண்டர்ட் பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்பின் பண்ணுங்க, பொடி மூடியில ஒட்டிக்கிட்டு இருந்து அது தெரியாமத் திறந்துட்டா மொத்த கர்வும் தப்பாயிரும், அதை வச்சுப் படிச்ச ஒவ்வொரு எலியோட நம்பரும் தப்பாயிரும்.